பீமனும் ஆழாக்கும்

பட்டினியால் கெட்டவர்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நாம் எழுதப்போவது, பசி என்றால் என்னவென்றே அறியாமல் கெட்டுப்போன ஒரு ஜீவனைப் பற்றி. அதைக் கெடுத்தவர்கள் யார் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: நாமும் நமது குடும்பத்தாரும்தான். ஆகையால் இக்கட்டுரையை ஒரு குற்றவாளியின் வாக்குமூலம் என்று வாசகர்கள் எண்ணிக்கொண்டாலும் பாதகமில்லை.

நாம் வசிப்பது லோயர் கேம்ப். கம்பம் பள்ளத்தாக்கிலே, கூடலூரைத் தாண்டிக் குமுளிக்குப் போகும் சாலை மலைமேல் ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கும் சிற்றூர். மலை உச்சியிலிருந்து பெரிய இரும்புக் குழாய்கள் இறங்கி வருகின்றன. பெரியாறு அணையின் தண்ணீர் அவற்றின் வழியே பாய்ந்து, மின்சார நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றிவிட்டு, அப்பால் பள்ளத்தாக்கின் வயல்களை நனைக்கப் போகிறது. அணை கட்டி முடிந்த ஆண்டு 1895. அதைக் கட்டிய கர்னல் பென்னிகுயிக்குக்கு இவ்வூரில் 2013-ஆம் ஆண்டில் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த தினமாகிய ஜனவரி 15-ஆம் தேதியன்று அங்கே பொங்கல் வைத்துக் கொண்டாடுவது இப்பக்கத்து ஜனங்களின் வழக்கம்.

நாயைப் பற்றிச் சொல்ல வந்தவர் அணையைப் பற்றி ஏன் சொல்லுகிறார் என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டுக்கும் சுண்ணாம்பின் மூலமாக ஒரு சம்பந்தம் உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

நாய் வளர்க்க வேண்டும் என்ற ஆசை முதலில் நமது புதல்விக்கு உண்டாயிற்று. அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த அவளிடமிருந்து, மூன்றே நாளில் அது அவள் தாயாருக்குத் தொற்றிக்கொண்டது. நாலாம் நாள் நாமும் சம்மதித்தோம். ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தோம்: சீமை நாய் கூடாது, நம் தேசத்து நாயாகவே இருக்க வேண்டும்.

நமது பள்ளியின் தமிழாசிரியர் இதைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். "அப்படியானால் கோம்பையை விட்டால் வேறு ஏது, ஸார்?" என்றார். கோம்பை என்பது உத்தமபாளையத்துக்கும் தேவாரத்துக்கும் இடையே உள்ள ஊர். செம்பழுப்பு உடலும் கறுத்த மூஞ்சியுமாக நடுத்தர உயரத்தில் இருக்கும் கோம்பை நாய், காவலுக்குப் பெயர் போனது. ஆயினும் நாம் ராஜபாளையத்து நாய்தான் வாங்குவது என்று தீர்மானித்திருப்பதாகச் சொன்னதும், "வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?" என்று அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

அவரிடம் நாம் பல காரணங்கள் சொன்னோம். 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதியன்று இந்தியத் தபால் இலாகா நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டதையும், அந்த நான்கில் ராஜபாளையமும் ஒன்று என்பதையும் எடுத்துரைத்தோம். உண்மைக் காரணம் வேறு. ராஜபாளையம் நாய் முழுவதும் வெளுப்பாய், ரோஜா நிற மூக்குடன், தோள்வரை சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் வளரும். சராசரிக்கும் சற்றுக் குட்டையான நமக்கு, உயரமான நாய் ஒன்றை வீதியில் நடத்திக்கொண்டு போகவேண்டும் என்று ஆசை. இந்த அற்ப ஆசைதான் பின்னால் வந்த அனர்த்தங்களுக்கெல்லாம் விதை.

ஒரு புரட்டாசி மாதத் தொடக்கத்தில், பிறந்து ஐம்பது நாளான குட்டி வீடு வந்து சேர்ந்தது. வந்த அன்றே ஒரு கிண்ணம் பாலை மூச்சு விடாமல் குடித்துவிட்டு, கிண்ணத்தையும் நக்கி நகர்த்திக்கொண்டே அறை முழுவதும் ஊர்வலம் போயிற்று. "இது பீமன்தான்!" என்றாள் நமது புதல்வி. பாரதத்துப் பீமனுக்கு விருகோதரன் என்று ஒரு பெயர் உண்டு. ஓநாய் வயிறு படைத்தவன் என்று அதற்குப் பொருள். இதைவிடப் பொருத்தமான பெயரை நாம் யோசித்திருக்க முடியாது.

அன்று முதல் பீமனுக்கு நடந்த உபசாரத்தைக் கேளுங்கள். விடியற்காலையில் நமது தாயார் பசும்பால் கொடுப்பார். ஏழு மணிக்கு நமது சகதர்மிணி, பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்றே செய்து மூட்டையில் விற்கும் உலர்ந்த தீனியைக் கிண்ணம் நிறையப் போடுவாள். பள்ளிக்குப் போகுமுன் புதல்வி தன் பங்குக்கு ஓர் அவித்த முட்டை. மத்தியானம் மறுபடியும் தீனி; அதன் தலையில் தயிர்ச் சோறு. மாலையில் எலும்பு நீக்கிய கோழிக் கறி. கார்த்திகை பிறந்து சபரிமலை யாத்திரிகர்களின் வண்டிகள் குமுளிச் சாலையில் வரிசையாகப் போகத் தொடங்கியதும், தேநீர்க் கடையில் இறங்கிய சாமிமார்கள் கொடுத்த பிஸ்கோத்தும் வாழைப்பழமும் தனிக் கணக்கு.

நம்முடைய கைங்கரியம் யாது என்றால், அதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. நாம் பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, இருபது வருஷமாக விஞ்ஞானம் போதிப்பவர். ஆகவே பீமனின் எலும்புகளை விஞ்ஞான முறைப்படி வளர்ப்பது நமது பொறுப்பு என்று எண்ணினோம். உயரமாக வளரும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து ஏராளமாக வேண்டுமல்லவா? மருந்துக் கடைக்காரர் ஒருவர் சிபார்சு செய்த கால்சியம் மருந்தைக் காலையில் இரண்டு கரண்டி, மாலையில் இரண்டு கரண்டி புகட்டினோம். எலும்புத் தூள் வேறு தீனியில் தூவினோம். வைட்டமின் 'டி' சூரிய ஒளியால் தோலில் உண்டாகிறது என்று வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவராகையால், தினந்தோறும் காலை வெயிலில் குளிர் காய்வதற்காகப் பீமனை மாடிக்கு நடத்திச் சென்றோம். மாடிக்குப் பதினேழு படிகள். குட்டி முதலில் தத்தித் தத்தி ஏறும். பிறகு பாய்ந்து ஏறக் கற்றுக்கொண்டது. தேகப் பயிற்சியும் ஆயிற்று என்று மகிழ்ந்தோம்.

பீமன் வளர்ந்தான். "வாத்தியார் வீட்டில் இருப்பது நாயா, கன்றுக்குட்டியா?" என்று தெருவில் கேட்டார்கள். அந்தக் கேள்வி நமது காதுக்குச் சங்கீதமாக இருந்தது.

தை மாதம் வந்தது. ஜனவரி 15-ஆம் தேதி காலை, மணிமண்டபத்தில் பொங்கல் பானைகள் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருந்தபோது, பீமனையும் அழைத்துக்கொண்டு குடும்ப சகிதமாகப் போனோம். சிறுவர்கள் சிலர் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பீமன் அவர்கள் பின்னால் ஓடினான். அவன் ஓட்டத்தில் ஏதோ விகற்பமாகத் தோன்றியது. பின்னங்கால்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, முயல் குதிப்பதுபோல் குதித்து ஓடினான். பத்து கஜம் போவதற்குள் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கச் சொல்லிக் கூப்பிட்டபோது முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு நம்மைப் பார்த்தானே தவிர, பின்புறம் எழவில்லை. அப்போது அவனுக்கு ஆறு மாதங்கூட நிரம்பவில்லை.

அன்றைய பொங்கல் நமக்கு இனிக்கவில்லை.

கால்நடை டாக்டர் ஒரு பெண்மணி. இளவயதுதான், ஆனால் பேச்சில் தயவு தாட்சணியம் கிடையாது. பீமனைத் தராசில் நிறுத்தினார். இருபத்து நான்கு கிலோ. விலாவைத் தடவிப் பார்த்தார். இடுப்பைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். பீமன் ஒரு தரம் முனகினான். பிறகு அவர் நாற்காலியில் அமர்ந்து, "என்ன ஆகாரம் கொடுக்கிறீர்கள், ஸார்?" என்று கேட்டார்.

நாம் சற்றுப் பெருமையுடனேயே முழுப் பட்டியலையும் ஒப்பித்தோம். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் அடிக்கோடு போட்டார்.

"இது ஒரு நாய்க்குத்தானா, அல்லது ஒரு ஹாஸ்டலுக்கா?" என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை.

"மூட்டையில் வாங்கும் தீனியின் பின்புறத்தில் அளவு போட்டிருக்குமே, படித்தீர்களா?"

'வினாத்தாளை முழுவதும் படித்த பிறகு எழுதத் தொடங்குங்கள்' என்று பரீட்சைதோறும் பிள்ளைகளை எச்சரிக்கிறவர் நாம். மூட்டையின் பின்புறத்தை நாம் படிக்கவில்லை.

மதுரைக்குப் போய் எக்ஸ்-ரே படம் எடுத்து வந்தோம். அதை வெளிச்சத்தில் பிடித்து டாக்டரம்மாள் விளக்கினார். இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்தில் ஓர் உருண்டை அமர்ந்திருப்பது போன்றது. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தியிருக்க வேண்டும். பீமனுக்கோ இரு பக்கமும் சற்றுத் தளர்ச்சி. வலது பக்கம் உருண்டையில் பாதிக்கு மேல் கிண்ணத்தை விட்டு வெளியே நின்றது. "இந்தத் தளர்ச்சியின் விதை தாய் தகப்பனிடமிருந்து வருவது. எரு போட்டது நீங்கள்" என்றார்.

அவர் அன்று சொன்னதன் சாரம் இதுதான். பெரிய ஜாதிக் குட்டி ஒன்று முழு வளர்ச்சி அடைய ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை ஆகும். அதுவரையில் எலும்புகளின் முனைகள் முற்றாத குருத்தெலும்பாகவே இருக்கின்றன. தசைநார்களும் இளசாகவே இருக்கின்றன. அளவுக்கு மிஞ்சிய ஆகாரம் கொடுத்தால் உடல் வேகமாகக் கனக்கிறது; அந்தக் கனத்தைத் தாங்கும் மூட்டு மட்டும் தன் காலத்தில்தான் முற்றுகிறது. ஈரச் சுவரின்மேல் ஓட்டுக் கூரையை ஏற்றினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகிறது.

"எலும்புக்கு உரம் வேண்டுமென்றுதானே கால்சியம் கொடுத்தோம்?" என்று நாம் ஈனஸ்வரத்தில் கேட்டோம்.

இந்த இடத்தில்தான் அணை வருகிறது. டாக்டரம்மாளும் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவரே. "பெரியாறு அணையைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, ஸார்! சுண்ணாம்பு நல்லதுதானே என்று கொத்தனார் பங்கை மீறி மூன்று மடங்கு கொட்டியிருந்தால் அணை மூன்று மடங்கு உறுதியாகியிருக்குமா?" என்று கேட்டார்.

வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலும் உள்ளே விடாமல் கழித்துவிடும். இளங்குட்டியின் குடலுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஏறக்குறைய ஆறு மாதம் வரையில் கொடுத்ததில் பெரும் பங்கை அது ஏற்றுக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் மிகுந்த சுண்ணாம்பினால் குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறும் வேலை தடைப்படுகிறது. மூட்டின் மேற்பரப்பு கரடுமுரடாகிறது, கால் வளைகிறது. நாம் வாங்கிய தீனியிலேயே வேண்டிய அளவு சேர்த்திருந்தது. பெரிய ஜாதிக் குட்டியின் தீனியில், ஈரம் போக நூற்றுக்கு 1.8 பங்குக்கு மேல் கால்சியம் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். நாமோ அதன்மேல் மருந்தும் தூளுமாகக் கொட்டியிருக்கிறோம்.

"அப்படியானால் தீனியை நிறுத்திவிட்டு வெறும் சோறும் கறியும் கொடுக்கலாமா?" என்றாள் நமது சகதர்மிணி.

"அது எதிர்ப்பக்கத்துப் பள்ளம், அம்மா" என்றார் டாக்டரம்மாள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்பு மிகச் சொற்பம். அரிசிச் சோற்றிலும் அப்படியே. அவற்றை மாத்திரம் தின்று வளரும் குட்டியின் உடல், இரத்தத்துக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும், எலும்பு சல்லடையாகும். வீட்டுச் சாப்பாடு கொடுக்க விரும்புகிறவர்கள், இன்ன எடைக்கு இன்ன அளவு சுண்ணாம்பு என்று வைத்தியரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு அதன்படி சேர்க்க வேண்டும். பூரணமான தீனி கொடுப்பவர்களோ ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. நாம் இரண்டு வழிகளையும் ஒரே சமயத்தில் கைக்கொண்டு, இரண்டின் தீமையையும் சம்பாதித்திருந்தோம்.

வெயிலில் காயவைத்த சங்கதியைச் சொன்னபோது அவர் சிரித்தே விட்டார். மனிதருக்கு ஆவதுபோல் நாயின் தோலில் போதுமான வைட்டமின் 'டி' உண்டாவதில்லை. அதற்கு அது ஆகாரத்திலிருந்தே வர வேண்டும். ஆக, மாடி வெயிலினால் பீமனுக்குக் கிடைத்த லாபம் பதினேழு படிகள் ஏறிய நஷ்டந்தான்.

வீட்டுக்கு வந்ததும் இது விஷயமாக அச்சானவற்றைத் தேடிப் படித்தோம். முன்னமே செய்திருக்க வேண்டிய காரியம். 1974-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில், கிரேட் டேன் என்னும் ராட்சச ஜாதிக் குட்டிகளை இரண்டு பிரிவாக வைத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இஷ்டப்படி தின்றவற்றுக்கு எலும்பும் மூட்டும் பலவகையில் கோணலாயின. கட்டுப்பாட்டில் வளர்ந்தவை நன்றாக இருந்தன. ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் சர்வகலாசாலையில் 1985-ஆம் ஆண்டில், அதே ஜாதிக் குட்டிகளுக்கு வழக்கத்தைப்போல் மூன்று மடங்கு கால்சியம் கொடுத்துப் பார்த்து, அதன் கெடுதலை நிரூபித்தார்கள்.

எல்லாவற்றிலும் நம் மனத்தைத் தைத்தது லாப்ரடார் குட்டிகளின் கதை. நாற்பத்தெட்டு குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகவே ஆகாரம் கொடுத்தார்கள். 1992-ஆம் ஆண்டில் முதல் முடிவுகள் வெளிவந்தன. இரண்டு வயதில், அளவாகத் தின்ற பிரிவில் இடுப்பு மூட்டுத் தளர்ச்சி கண்டவை, மற்றப் பிரிவில் கண்டவற்றில் பாதிக்கும் குறைவு. அவற்றை ஆயுட்காலம் முழுவதும் அப்படியே வைத்துக் கவனித்து, 2002-ஆம் ஆண்டில் மற்றொரு முடிவையும் வெளியிட்டார்கள். நன்றாகத் தின்றவற்றின் நடு ஆயுள் 11.2 வருஷம், குறைவாகத் தின்றவற்றின் நடு ஆயுள் 13 வருஷம். கால் பங்குச் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டவர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷ உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

படிகளைப் பற்றியும் படித்தோம். நார்வே தேசத்தில் பெரிய ஜாதி நாய்களைக் கவனித்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மூன்று மாத வயதுக்குள் தினம் படி ஏறிய குட்டிகளுக்கு இடுப்பு நோய் அதிகம். மெத்தென்ற மண்ணில் கயிறின்றித் தம் இஷ்டத்துக்கு ஓடியாடிய குட்டிகளுக்குக் குறைவு. பீமன் மூன்று மாதம் ஆகுமுன் எத்தனை படிகள் ஏறினான் என்று கணக்குப் போட உட்கார்ந்தோம். பாதியில் காகிதத்தைக் கிழித்துவிட்டோம்.

நிற்க. தெரிந்துகொள்வது ஒன்று, வீட்டில் நடத்துவது மற்றொன்று. பெரிய தடை நமது தாயாரிடமிருந்து வந்தது.

நமது தாயார் பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமம். பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத பூமி. வானம் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அறுபதுகளின் நடுவில் தானியம் கிடைக்காமல் தேசமே திண்டாடிய காலத்தில் அவர் சிறு பெண்; ஆறு குழந்தைகளில் மூத்தவர். தாய் காட்டுவேலைக்குப் போய்விடுவாள். கேழ்வரகு மாவை அளந்து எடுத்துக் கூழ் காய்ச்சித் தம்பி தங்கைகளுக்குப் பங்கு போடும் வேலை அவருடையது. அந்த மாவை அளந்த பித்தளை ஆழாக்கு இன்றும் நமது வீட்டில் இருக்கிறது. குவித்து அளந்தால் மறுநாளைக்கு மாவு இராது. ஆகையால் விரலால் வழித்து, தலைதட்டித்தான் அளக்க வேண்டும். ஐந்து ஜோடிக் கண்கள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்குமாம்.

கலியாணமாகித் தண்ணீர் பாயும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்ததும் அவர் ஆழாக்கைப் பரண்மேல் போட்டுவிட்டார். "எம் வீட்ல இனிமே யாருக்கும் அளந்து போடமாட்டேன்" என்று சொன்னதாக நமது தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அப்படியே ஐம்பது வருஷம் நடத்தியும் வந்திருக்கிறார். நமது வீட்டு வாசலுக்கு வந்த எவரும், மனிதரானாலும் மாடானாலும், வயிறு நிறையாமல் திரும்பியதில்லை.

அந்த ஆழாக்கைத்தான் நமது புதல்வி பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தாள், பீமனின் தீனியை அளப்பதற்கு! பேத்தி அதைப் புளி போட்டுத் துலக்குவதைப் பார்த்ததும் அப்பத்தாவின் முகம் மாறிவிட்டது.

"ஏப்பா, வாயில்லாச் சீவனுக்கு அளந்து போடவா நீ படிச்சே?" என்று நம்மைக் கேட்டார். "எங்க ஊர்ல நாய்ங்க கூழு குடிச்சுத்தான் வளந்துச்சு. ஒண்ணாவது நொண்டுச்சா?"

இதை டாக்டரம்மாளிடமே கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. "உங்கள் தாயார் சொல்வதில் பாதி நிஜம். கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அந்த நாய்கள் கொஞ்சமாகத் தின்று, மெலிந்த உடம்போடு மண்ணில் ஓடின. அதனால் மூட்டுப் பிழைத்தது. பாதி நிஜமில்லை. சத்துப் பற்றாமல் கால் வளைந்த குட்டிகளும் அங்கே இருந்திருக்கும், அவை அதிக நாள் உயிரோடு இராததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை" என்றார். பட்டினி போடச் சொல்லவில்லை, அளவாகப் போடத்தான் சொல்லுகிறேன் என்பதை அழுத்தமாகச் சொல்லி அனுப்பினார்.

அளவை அறிய அவர் கற்றுக்கொடுத்த உபாயம் எல்லோருக்கும் உபயோகப்படும். உங்கள் கையை முஷ்டியாக மூடி, விரல் கணுக்களின்மேல் மற்றக் கையால் தடவிப் பாருங்கள். குட்டியின் விலா அப்படி முட்டிக்கொண்டிருந்தால் மெலிவு. கையை விரித்து, உள்ளங்கைப் பக்கத்தில் விரல்களின் அடியைத் தடவுங்கள். விலா அப்படி மெத்தென்று புதைந்திருந்தால் கொழுப்பு. விரித்த புறங்கையைத் தடவுங்கள். எலும்பு கைக்குத் தெரிகிறது, ஆனால் துருத்தவில்லை. விலா அப்படி இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். "ஆகாரத்தைக் குறைத்தால் உயரம் குறைந்துவிடாதா?" என்ற நமது பழைய கவலைக்கும் பதில் கிடைத்தது. உயரம் வம்சத்தால் வருவது. அளவாகத் தின்ற குட்டி அந்த உயரத்தைச் சற்று நிதானமாக அடைகிறது, அவ்வளவே.

முதல் இரண்டு வாரங்கள் சோதனைக் காலம். மருந்து, தூள், பால், பிஸ்கோத்து எல்லாம் நின்றன. தீனி மட்டும், மூன்று வேளை, ஆழாக்குக் கணக்கில். மாடிப் படியின் அடியில் ஒரு பலகைத் தடுப்பு வைத்தோம். பீமன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு வந்து ஒவ்வொருவர் காலடியிலும் வைத்துப் பார்ப்பான். கடைசியில் அப்பத்தாவிடம் போவான். ஒரு நாள் அந்தி வேளையில், தடுப்புக்குப் பின்னால் அவர் இட்லி ஒன்றை மறைத்து வைத்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்ததை நாம் பார்த்துவிட்டோம். நமக்குக் கோபம் வந்து, உரக்க இரண்டு வார்த்தைகள் சொல்லிவிட்டோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, பீமனைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாளிடம் போகையில் தாயாரையும் உடன் அழைத்துச் சென்றோம். டாக்டரம்மாள் எக்ஸ்-ரே படத்தை அவருக்கும் காட்டினார். பிறகு, "பாட்டி, கையை இங்கே வையுங்கள்" என்று சொல்லி, அவர் கையைப் பீமனின் இடுப்பின்மேல் வைத்து, காலை மெதுவாக நகர்த்தினார். உள்ளே எலும்பு நழுவி மறுபடியும் கிண்ணத்தில் விழும் 'டக்' என்ற அசைவு அவர் விரல்களுக்குத் தெரிந்தது. பீமன் முனகிவிட்டு அவர் கையை நக்கினான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வரையில் ஒன்றும் பேசவில்லை. மாலையில் ஆறு மணிக்கு, பீமனுக்குத் தீனி வைக்கும் வேளையில், புதல்வி ஆழாக்கை மூட்டைக்குள் விட்டுக் குவித்து எடுத்தாள். குழந்தைதானே, குவியல் பெரிதாகத்தான் இருந்தது. "இங்கே குடு" என்று அப்பத்தா அதை வாங்கினார். ஆள்காட்டி விரலால் மேலே ஒரு வழி வழித்தார். அறுபது வருஷத்துக்குப் பிறகும் விரல் தன் வேலையை மறக்கவில்லை. ஒரு மணி கூடவுமில்லை, குறையவுமில்லை. "அப்ப இல்லாம அளந்தேன். இப்ப இருக்கிறதனாலே அளக்கிறேன்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு கிண்ணத்தில் கொட்டினார். அன்று முதல் அளக்கும் உத்தியோகம் அவருடையதாயிற்று.

பீமனுக்கு இப்போது இரண்டு வயது நிரம்பிவிட்டது. மூன்று மாதத்தில் உடல் அளவுக்கு வந்தது. காலையும் மாலையும் தென்னந்தோப்பு மண்ணில் நடத்திச் சென்றதில் தொடைத் தசைகள் உரம் பெற்றன. முயல் குதியல் போய்விட்டது. உயரம் எழுபது சென்டிமீட்டர். ஆனால் முழுவதும் குணமாகிவிட்டது என்று சொல்லி இக்கதையை மங்களமாக முடிக்க நமக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. மார்கழி மாதத்தில் குமுளிக் கணவாயிலிருந்து குளிர்காற்று இறங்கும் காலைகளில் பீமன் வலது பின்னங்காலை ஊன்றத் தயங்கி, இரண்டு மூன்று முறை முயன்ற பின்பே எழுந்திருக்கிறான். மூட்டு வாதம் வயதாக ஆக அதிகரிக்கலாம். கனம் ஏறாமல் காப்பது ஒன்றே ஆயுள் முழுவதும் செய்ய வேண்டிய வைத்தியம் என்பது டாக்டரம்மாளின் தீர்ப்பு. அவன் எழுந்திருக்கத் தயங்கும் அந்த அரை நிமிஷம், நமது தினசரிப் பிராயச்சித்தம்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு மின்சார வாரிய ஊழியர் ஒருவர் கோம்பைக் குட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். நமது தமிழாசிரியருக்கு இதில் அளவில்லாத ஆனந்தம். குட்டியுடன் கூடவே ஒரு கால்சியம் மருந்துப் புட்டியும் வந்திருந்தது. நாம் உபதேசம் செய்யப் போவதற்குள் நமது தாயார் வேலியருகே போய், புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி உத்தரவு போட்டுவிட்டார். முஷ்டியை மூடியும் விரித்தும் விலா பார்க்கும் வித்தையையும் காட்டிக் கொடுத்தார்.

அந்த ஊழியரின் மனைவி மிகவும் மரியாதையாக, "அம்மா, அந்த ஆழாக்கை ஒரு ரெண்டு நாளைக்குக் குடுங்க, அளவு பழகிக்கிறோம்" என்று கேட்டாள்.

வாசலுக்கு வந்த எவருக்கும் இல்லை என்று சொல்லியறியாத நமது தாயார், அன்றுதான் முதன்முறையாக, "அது மட்டும் முடியாது தாயி. பீமனுக்கு ராத்திரிக்கு அளக்கணும். நீ உங்க வீட்டு டம்ளர்ல தலைதட்டி அளந்துக்க" என்று சொல்லி, ஆழாக்கை முந்தானையில் துடைத்து உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.